மகனுக்குக் கடுமையான ஆட்டம் தேடும் முன்

வணக்கம். சென்னையில் கால்பந்துப் பயிற்சி பெறும் உங்கள் 12 வயது மகன் தன் வயதுக் குழுவில் வாராவாரம் மூன்று நான்கு கோல் அடித்துவிட்டுச் சலிப்போடு வீடு திரும்புகிறான், பயிற்சி மையத்தை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். உடனே மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் இப்போதைய பயிற்சியாளரிடம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 14 வயதினரோடு ஆட விட முடியுமா என்று கேளுங்கள். என் மகனை அப்படி அனுப்பியபோது, பந்தை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, பிறகு தட்டும் அவனுடைய பழக்கத்துக்கு அங்கே நேரமே கிடைக்கவில்லை. முதல் இரண்டு வாரம் பந்தைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்தவன், மூன்றாம் வாரத்தில் பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான். கோல் கணக்கு குறைந்ததைப் பொருட்படுத்தாதீர்கள். உடல் மோதலில் அடிபடுகிறானா என்பதை மட்டும் கவனியுங்கள்.

விடுமுறை நாட்களில், வடசென்னையில் கால்பந்துக்குப் பெயர்பெற்ற வியாசர்பாடிப் பக்கம் அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள பிள்ளைகளின் வேகம் கட்டணப் பயிற்சியில் எளிதில் கிடைக்காது. பள்ளி அணி வலுவாக இருந்தால், 1960 முதல் நடந்துவரும் பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியான சுப்ரதோ கோப்பைக்கான தகுதிச் சுற்றுகளையும் விசாரியுங்கள்.

பின்னர் மையத்தை மாற்றுவதாக இருந்தால், அவன் பெயர் ஏற்கெனவே ஏதேனும் கிளப்பில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். நான் பார்க்காமல் ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு அலைந்தேன்.