கோபால்ட்டை உள்ள வைக்கிற என்சைம்: கேளுங்க, சொல்றேன்

குடியாத்தம் தம்பி: அண்ணா, ஃபெரோகெலட்டேஸ் தெரியும், ஹீம்ல (ரத்தத்துக்கு சிவப்பு குடுக்குற வளையம்) இரும்ப வைக்கும். பி12 வைட்டமின் வளையத்துல கோபால்ட்ட வைக்கிற கோபால்ட்டோகெலட்டேஸும் அதே மாதிரி தானா? அதுக்கு ஏடிபி (செல்லு செலவு பண்ற எனர்ஜி காசு) வேணும்னு ஒரு புக்ல இருக்கு, வேணாம்னு இன்னொண்ணுல இருக்கு.

ரெண்டுமே சரி தம்பி, பாக்டீரியா ரெண்டு ரூட்ல பி12 செய்யுது. ஆக்சிஜன் வேணாத ரூட்ல, சால்மோனெல்லா மாதிரி ஆளுங்க, ஆரம்பத்துலயே சைரோஹைட்ரோகுளோரின்ங்கிற பாதி செஞ்ச வளையத்துல கோபால்ட்ட வச்சிடும், அந்த என்சைம் பேரு சிபிஐ-கே (போலீஸ் சிபிஐ இல்லப்பா), சின்னது, ஏடிபி கேக்காது, ஆளப் பாத்தா ஃபெரோகெலட்டேஸ் சொந்தக்காரன் மாதிரியே இருக்கும். அதே சைரோஹைட்ரோகுளோரின்ல இரும்பு போச்சுன்னா பி12 வராது, சைரோஹீம்னு வேற பொருள் வரும், ரூட்டே மாறிடும். ஆக்சிஜன் ரூட்ல, சூடோமோனாஸ் டீநைட்ரிஃபிகன்ஸ்ல, வளையத்துல ஒரு கார்பன கழட்டி சுருக்கினதுக்கு அப்புறம் தான் கோபால்ட் வரும், அங்க கோப்-என், கோப்-எஸ், கோப்-டி மூணும் சேந்து ஏடிபி செலவு பண்ணி வைக்கும். இது குளோரோஃபில்லுக்கு மெக்னீசியம் வைக்கிற என்சைம் ஜாதி. எக்ஸாம்ல எந்த ரூட்னு எழுதாம ஏடிபி பத்தி எழுதாத.

ராணிப்பேட்டை: அப்போ கோபால்ட் டானிக் குடிச்சா பி12 ஏறுமா?

ஏறாது. நம்ம உடம்புல இந்த என்சைமே கெடையாது. 1960-கள்ல கியூபெக்ல பீர் நுரை நிக்கட்டும்னு கோபால்ட் கலந்தாங்க, மொடாக்குடியனுங்களுக்கு இதயத் தசையே கெட்டுச்சு.

ஆம்பூர்: ஆடு புல்லு தான தின்னுது, பிரியாணி கறில பி12 எங்கேர்ந்து பாய்?

ஆட்டோட முதல் வயித்துல இருக்குற கிருமிங்க செய்யுது பாய், ஆடு அத உறிஞ்சி ஈரல்லயும் கறிலயும் வச்சிக்குது. மேய்ச்சல் மண்ணுல கோபால்ட் கம்மின்னா ஆடே இளைச்சிடும், ஆட்டுக்கு கோபால்ட் குடுக்கலாம், நமக்கு குடுத்து பிரயோஜனம் இல்ல.

காட்பாடி: எங்க மாமியார் சுத்த சைவம் சார். நம்ம குடல் கிருமி செய்யாதா?

செய்யுதுமா, ஆனா பெரும்பாலும் பெருங்குடல்ல. உறிஞ்சுற எடம் சிறுகுடலோட கடைசி, அது பெருங்குடலுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது, என்னா பண்றது. நம்ம வேலூர் சிஎம்சி-ல ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூணு பேரும் 1980-ல நேச்சர்ங்கிற அறிவியல் பத்திரிகைல எழுதினாங்க, சிறுகுடல்ல இருக்குற சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா சிலதும் பி12 செய்யும்னு. எனக்கு ரொம்ப புடிச்ச பேப்பர், ஆனாலும் அத நம்பி மாமியார உட்டுடாதீங்க. கை கால் மதமதப்பு இருந்தா ரத்தத்துல பி12 பாத்துட்டு டாக்டர் சொல்ற மாத்திரையோ ஊசியோ போடுங்க. பால், தயிர்ல கொஞ்சம் இருக்கு.

ஆற்காடு: ஸ்பைருலினா?

அதுல இருக்குறது முக்கால்வாசி போலி பி12. கோபால்ட் இருக்கும், மூலக்கூறுல கீழ தொங்குற துண்டு (பேஸ்) வேற, நம்ம உடம்பு அத ஏத்துக்காது.