கேள்வி–பதில்: கட்டிய இமேஜ் ஏன் பூட் ஆகவில்லை?

கேள்வி: மெய்நிகர் இயந்திரம் ஒன்றில், கன்டெய்னருக்குள் (தனித்து ஓடும் மூடிய சூழல்) டெபியன் லினக்ஸின் டிஸ்க் இமேஜ் (முழு வட்டையும் ஒரே கோப்பாக்கியது) கட்டுகிறேன். அந்தக் கோப்பை லூப் டிவைஸாக (கோப்பையே வட்டாகக் காட்டும் வசதி) இணைத்து, சிஎச்-ரூட்டில் (இமேஜையே முழுக் கணினிபோலக் காட்டும் ஷெல்) நுழைந்து, பூட்லோடரான கிரப்பை நிறுவும் கிரப்-இன்ஸ்டாலும் அதன் மெனு கோப்பை எழுதும் அப்டேட்-கிரப்பும் ஓட்டுகிறேன். பிழை எதுவும் வருவதில்லை. ஆனால் அந்த இமேஜ் கியூஎமு என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் கிரப் மெனு வரை வந்து, பிறகு "/டெவ்/லூப்0பி2 இல்லை" என்று இனிட்ராம்எஃப்எஸ் (கெர்னல் முதலில் ஏற்றும் தற்காலிகச் சிறு கோப்பமைப்பு) ஷெல்லில் நின்றுவிடுகிறது. யுஎஸ்பியில் எழுதிப் புது லேப்டாப்பில் போட்டால் மெனுவே வரவில்லை. பூட் செய்ய வட்டு இல்லை என்கிறது. என்ன தவறு?

பதில்: கட்டளைகளில் தவறில்லை. கிரப்-இன்ஸ்டால் எழுதப்பட்டதே, அது ஓடும் கணினியில் கிரப்பை நிறுவத்தான். நீங்கள் சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்தக் கணினியைப் பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். இமேஜோ வேறெங்கோ ஓடப்போவது. உங்கள் இரண்டு தொல்லைகளும் இதிலிருந்து வந்தவைதான்.

முதலில் லேப்டாப். டார்கெட் (எந்த வகைக் கணினிக்கான கிரப் என்பது) கொடுக்காவிட்டால் கிரப்-இன்ஸ்டால் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பயாஸ் (பழைய வகை ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) கணினி என்று எடுத்துக்கொண்டு, அதற்கான ஐ386-பிசி கிரப்பைப் போடும். உங்கள் மெய்நிகர் இயந்திரம் பயாஸில் ஓடுகிறது, அதனால் அதுதான் நடந்திருக்கிறது. கியூஎமுவும் தனியாகச் சொல்லாதவரை பயாஸ்தான். அங்கே மெனு வந்ததன் காரணம் அது. புது லேப்டாப்புகள் பலவற்றில் பயாஸுக்குப் பின்வந்த யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் மட்டுமே உண்டு, அது இந்தக் கிரப்பை ஏற்றாது.

நான் இரண்டையுமே ஒரே இமேஜில் வைத்துவிடுவேன். ஜிபிடி என்ற புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணையில் மூன்று பார்ட்டிஷன்கள்: பயாஸ் பூட் வகையில் 1 எம்பி, ஃபேட்32-இல் இஎஃப்ஐ பார்ட்டிஷன், அப்புறம் ரூட் (டெபியன் இருக்கும் பார்ட்டிஷன்). அந்த 1 எம்பியை வீண் என்று விட்டுவிடாதீர்கள். பயாஸ் தானாகப் படிப்பது வட்டின் முதல் 512 பைட்டை மட்டும். அதில் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். கிரப்பின் மீதிப் பகுதி எங்காவது இருந்தாக வேண்டும். பழைய எம்பிஆர் வகை அட்டவணை உள்ள வட்டில் முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள காலியிடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். ஜிபிடியில் அதற்கென்று தனிப் பார்ட்டிஷன் தர வேண்டும்.

பிறகு கிரப்-இன்ஸ்டாலை இரண்டு முறை ஓட்டுங்கள். ஒன்று ஐ386-பிசி டார்கெட்டுடன் லூப் டிவைஸுக்கு. மற்றது எக்ஸ்86_64-இஎஃப்ஐ டார்கெட்டுடன் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு. கிரப்-பிசி, கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64 பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். 'பின்' என்று முடியும் பேக்கேஜ்களைப் போட்டால் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இரண்டாவது முறை ஓட்டும்போது --ரிமூவபிள், --நோ-என்விராம் இரண்டையும் மறக்கவே கூடாது. யூஇஎஃப்ஐ எதை பூட் செய்வது என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது, வட்டில் இல்லை. இமேஜை எழுதிய வட்டு புதுக் கணினிக்குப் போகும்போது அந்தப் பட்டியல் கூடவே போகாது. பட்டியலில் இல்லாத வட்டில் ஃபர்ம்வேர் தேடுவது /இஎஃப்ஐ/பூட்/பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பைத்தான். --ரிமூவபிள் கிரப்பை அந்தப் பெயரில் வைக்கிறது. இந்த இரண்டும் இல்லாமல் யூஇஎஃப்ஐ கணினியில் கட்டினால், கிரப்-இன்ஸ்டால் கட்டும் கணினியின் பூட் பட்டியலிலேயே கைவைக்கப் பார்க்கும். அதை நான் மன்னிக்கவே மாட்டேன். கட்டும் கணினிக்கும் இமேஜுக்கும் அப்படி ஒரு தொடர்பே இருக்கக் கூடாது.

இனி லூப்0பி2. அப்டேட்-கிரப் ரூட்டின் யூயூஐடியை (கோப்பமைப்பின் தனி அடையாள எண்) எழுதுவதற்கு முன், /டெவ்/டிஸ்க்/பை-யூயூஐடி-யில் அது இருக்கிறதா என்று பார்க்கும். அந்த இணைப்புகளை உருவாக்குவது, டிவைஸ்களைக் கவனிக்கும் யூடெவ். கன்டெய்னருக்குள் அது பெரும்பாலும் ஓடுவதில்லை. இணைப்பு இல்லையென்றால் டிவைஸ் பெயரையே எழுதிவிடும். உங்கள் கெர்னல் வேறு கணினியில் போய் லூப்0பி2-வைத் தேடியது இதனால்தான்.

கட்டும்போது அப்டேட்-கிரப் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோப்பமைப்பை உருவாக்கும் எம்கேஎஃப்எஸ் போடும்போதே யூயூஐடியை நீங்களே கொடுத்துவிட்டு, கிரப்பின் மெனு கோப்பான கிரப்.சிஎஃப்ஜி-யைக் கையால் எழுதுங்கள். யூயூஐடி வைத்து ரூட்டைத் தேட ஒரு வரி, அதே யூயூஐடியை ரூட்= மதிப்பாகத் தரும் கெர்னல் வரி, இனிட்ராம்எஃப்எஸுக்கு ஒரு வரி; இவ்வளவு போதும். பின்னால் அந்தக் கணினியில் கெர்னல் அப்டேட் ஆகும்போது அப்டேட்-கிரப் தானாக ஓடும். அங்கே யூடெவ் இருப்பதால் சரியாகவே எழுதும்.

இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் 'மாட்யூல்ஸ்' மதிப்பு 'டெப்' என்று இருந்தால் 'மோஸ்ட்' ஆக்குங்கள். 'டெப்' என்றால் கட்டும் கணினிக்குத் தேவையான டிரைவர்கள் மட்டுமே உள்ளே போகும்.

கியூஎமுவில் சோதிக்கும்போது ஒருமுறை வழக்கம்போலவும், ஒருமுறை கியூஎமுவுக்கான யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரான ஓவிஎம்எஃப்-உடனும் ஓட்டிப் பாருங்கள். ஓவிஎம்எஃப்-இன் மாறிகள் கோப்பை ஒவ்வொரு முறையும் புதிதாக நகலெடுங்கள்; பழைய பூட் பட்டியல் அதில் மிச்சமிருந்தால் சோதனையை நம்ப முடியாது.

கேள்வி: ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் இமேஜுக்கும் கிரப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதன் சொந்த ஃபர்ம்வேரே முதல் ஃபேட் பார்ட்டிஷனில் உள்ள கான்ஃபிக்.டிஎக்ஸ்டி-யைப் படித்து, கெர்னலை நேராக ஏற்றிவிடும். கோப்புகளை அங்கே நகலெடுத்தால் சரி. ரூட் எது என்பது சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி-யில் இருக்கும், அங்கேயும் டிவைஸ் பெயரை எழுதாமல் பார்ட்யூயூஐடி-யை (பார்ட்டிஷனின் அடையாள எண்) எழுதுங்கள்.