பட்டாளத்துக்கே போகாதவர் நெஞ்சுல மெடல்: கேஸ் போட முடியுமா?

தக்கலை பக்கத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் எழுதியிருக்காரு. மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல 22 வருஷம் இருந்தவரு. கடிதம் நாலு பக்கம், சுருக்கித் தாறேன்.

"வக்கீல் சாரே, எங்க ஊர்ல ஒருத்தர் ஏழெட்டு வருஷமா ரிட்டயர்டு கேப்டன்னு சொல்லிக்கிட்டு நடக்காரு. கார்கில்ல சண்டை போட்டேன்னு சொல்லுவாரு, எந்த யூனிட்னு கேட்டா பேச்சை மாத்துவாரு. போன ஆகஸ்ட் 15-க்கு ஸ்கூல்ல கொடியேத்த அவரைத்தான் கூப்பிட்டாவ. அவரு நெஞ்சுல குத்தியிருந்த மெடல் ஒண்ணு ஊக்கு கழண்டு கீழ விழுந்துச்சு, நான்தான் குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன். விளிம்புல நம்பரும் பேரும் வெட்டியிருந்துச்சு. அவருக்க பேரு இல்ல, எவனோ ஒரு சிப்பாய்க்க பேரு. அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கம் இல்ல. என்கூட இருந்து செத்தவனுக்க மெடலை அவனுக்க அம்மை கையில கொண்டு குடுத்தவன் நான். இப்போ அந்த ஆளு பட்டாளத்துல சேத்து விடுதேன்னு ரெண்டு பயக்ககிட்ட தலைக்கு 3 லட்சம் வாங்கியிருக்காரு. குடியரசு தினத்தன்னைக்கு எல்லாரு முன்னாலயும் அந்த மெடலைப் பிச்சு எடுத்துரட்டா?"

வேண்டாம் அண்ணாச்சி. அவரு மேல கை வச்சீங்கன்னா அன்னைக்கே நீங்கதான் ஏ1, அவரு ஆஸ்பத்திரில போய் படுத்துக்குவாரு, ஊரும் அவருக்குத்தான் பரிதாபப்படும், 6 லட்சம் கதை அதோட அமுங்கிப் போகும்.

உங்களுக்கு உறக்கம் வராதது எனக்கு நல்லா புரியுது. எனக்க அப்பாவும் பட்டாளம்தான். அவருக்க கறுப்பு டிரங்குப் பெட்டி இப்பவும் எங்க வீட்டுல கிடக்கு, வெள்ளை பெயிண்ட்ல நம்பர், ரேங்க், பேரு. கடைசி காலத்துல எங்க பேரெல்லாம் அவருக்கு மறந்துபோச்சு, ஆனா நம்பர் என்னன்னு கேட்டா ஒரு மூச்சுல சொல்லுவாரு. அப்படி ஒருத்தருக்க நம்பரைத்தான் அந்த ஆளு சட்டையில குத்திக்கிட்டு ஸ்கூல் பிள்ளைகள்கிட்ட சல்யூட் வாங்கியிருக்காரு.

சரி, சட்டத்துக்கு வருவோம். நான் பட்டாளத்துல இருந்தேன்னு வெறும் வாயால பொய் சொல்றது மட்டும் நம்ம நாட்டுல குற்றம் இல்ல. அமெரிக்காவுல இதுக்குன்னே தனிச்சட்டம் 2006-ல கொண்டு வந்தாங்க, ஆல்வரஸ்னு ஒருத்தர் வாங்காத மெடலை வாங்கினதா ஒரு கூட்டத்துல சொல்லி மாட்டிக்கிட்டாரு, ஆனா 2012-ல அங்க உள்ள சுப்ரீம் கோர்ட் பொய் சொல்றதும் பேச்சுரிமைக்குள்ள வரும்னு அந்தச் சட்டத்தையே தூக்கிருச்சு. பிறகு 2013-ல, பைசாவோ வேற ஆதாயமோ பாக்குறதுக்காகப் பொய் சொன்னா மட்டும் குற்றம்னு புதுசா எழுதினாங்க. இங்க தனிச்சட்டம் இல்லைன்னாலும் நம்ம வழியும் கிட்டத்தட்ட அதே வழிதான், ஆதாயம் எங்க இருக்கோ அங்கதான் பிடி கிடைக்கும்.

படைவீரர் உடுப்பையோ அடையாளத்தையோ போட்டு ஏமாத்துறதுக்கு பாரதிய நியாய சன்ஹிதால 168-ம் பிரிவு இருக்கு, பழைய ஐபிசில 140. 3 மாசம் வரை ஜெயில், இல்ல 2000 ரூபாய் வரை ஃபைன், இல்ல ரெண்டும். மெடலும் அந்த அடையாளத்துக்குள்ள வரும்னுதான் நான் வாதாடுவேன். ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, அதை உங்ககிட்ட மறைக்க மாட்டேன். தான் ஒரு படைவீரன்னு மத்தவங்க நம்பணும்ங்கிற எண்ணத்தோட போட்டிருக்கணும்னு அந்தப் பிரிவு சொல்லுது. எதிர்தரப்பு வக்கீல் எழுந்து, எங்க கட்சிக்காரர் ரிட்டயர்டுன்னுதானே சொன்னாரு, இப்போ சர்வீஸ்ல இருக்கேன்னு எங்க சொன்னாருன்னு கேப்பாரு. அதனால 168-ஐ மட்டும் நம்பி இறங்காதீங்க. அதோட இதுக்குக் கால வரம்பு ஒரு வருஷம்தான், போன ஆகஸ்ட் 15-க்குப் போட்டதுக்கு வர்ற ஆகஸ்ட் 15-க்குள்ள புகார் பதிவாகியிருக்கணும்.

வலுவான பிடி அந்த 6 லட்சம். இன்னாருன்னு ஆள் மாத்திக் காட்டி ஏமாத்துறது 319-ம் பிரிவு, 5 வருஷம் வரை. ஏமாத்திப் பைசா வாங்குறது 318-ல 4-வது உட்பிரிவு, 7 வருஷம் வரை, ஜாமீனும் லேசுல கிடைக்காது. இதுல ரிட்டயர்டா சர்வீஸான்னு கேள்வியே வராது, கேப்டன் இல்லாதவரு கேப்டன்னு நம்ப வச்சு வாங்கினாரு, அது போதும்.

ஆனா இந்தப் புகாரை அந்தப் பயக்களுக்காகப் பைசா குடுத்த அப்பாமாரு குடுத்தாதான் கேஸ் நிக்கும். அவங்க பயப்படுவாங்க, குறுக்கு வழிக்கு நாமளும்தானே குடுத்தோம், நம்ம மேல திரும்புமோன்னு. இதுமாதிரி கேஸுல போலீஸ் பொதுவா அவங்களை ஏமாந்தவங்களாத்தான் பாக்கும், வாங்கினவருக்கு அந்த வேலையைக் குடுக்குற அதிகாரமே கிடையாது பாருங்க. அக்னிவீர் 2022-ல வந்துச்சு, 2023-ல இருந்து ஆன்லைன் பரீட்சை, ஓட்டம், மெடிக்கல் எல்லாம் தாண்டித்தான் சிப்பாயா உள்ள போக முடியும், நிஜ கேப்டனாலயும் ஒருத்தனை சேத்துவிட முடியாது. ஒண்ணு மட்டும் அவங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க, சிவில் கோர்ட்டுல பைசாவைத் திருப்பிக் கேட்டுப் போக வேண்டாம், சட்டத்துக்கு விரோதமான காரியத்துக்குக் குடுத்த பைசான்னு காண்ட்ராக்ட் சட்டம் 23-ம் பிரிவு குறுக்க வந்து நிக்கும். ஜிபேல அனுப்பியிருந்தா பேங்க் ஸ்டேட்மெண்ட், வாட்ஸ்ஆப் வாய்ஸ் மெசேஜ், ஒண்ணையும் அழிக்காம அந்த போனையும் மாத்தாம வைக்கச் சொல்லுங்க.

இதுக்கெல்லாம் முன்னால அவரு நிஜமாவே போலிதானான்னு உறுதிப்படுத்தணும். சொல்றேன்னு வருத்தப்படாதீங்க, சிஆர்பிஎஃப், அசாம் ரைஃபிள்ஸ், எல்லையில ரோடு போடுற கிரெஃப்ல இருந்தவங்களையும் நம்ம ஊர்ல பட்டாளம்னுதான் சொல்லுவாங்க, அவங்களுக்கும் மெடல் உண்டு. ட்ரெயினிங்ல கால் உடைஞ்சு மெடிக்கல் போர்டுல வெளிய வந்த ஒரு பையனை ஊரே போலின்னு கேலி பண்ணி அவன் வீட்டை விட்டு வெளிய வராம கிடந்ததை நான் பாத்திருக்கேன். கேப்டன்னு சொன்னா பாக்குறது சுலபம், கமிஷண்ட் ஆபீசரோ, சுபேதார் மேஜரா இருந்து கௌரவ கேப்டன் ஆனவரோ, பேரு மத்திய அரசு கெஜட்ல வந்திருக்கணும். பென்ஷன் வாங்குறவருன்னா பிபிஓன்னு பென்ஷன் உத்தரவு இருக்கும். நாகர்கோவில்ல இருக்குற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல எழுத்துல ஒரு மனு குடுங்க. ஆர்டிஐ போட்டா அடுத்தவரோட சொந்த விவரம்னு மறுக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனா போலீஸ் விசாரணைல கேட்டா பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீஸ் பதில் சொல்லியாகணும்.

ஊர் வாட்ஸ்ஆப் குரூப்புல ஒரு வரி கூட போடாதீங்க. 356-ம் பிரிவு அவதூறு, 2 வருஷம் வரை. உண்மையைத்தானே சொன்னேன்னு மட்டும் சொன்னா போதாது, பொது நன்மைக்குன்னும் நீங்கதான் நிரூபிக்கணும். அதே விஷயத்தை நல்லெண்ணத்தோட அதிகாரிகிட்ட புகாரா குடுத்தா அது அவதூறே ஆகாது, விதிவிலக்குல தெளிவா இருக்கு. ஸ்டேஷன்ல வாங்கலைன்னா எஸ்பிக்கு ஸ்பீட் போஸ்ட், அதுக்கும் அசையலைன்னா பத்மநாபபுரம் மாஜிஸ்திரேட் கோர்ட், அந்த மனுவை நான் போட்டுத் தாறேன், ஃபீஸ் வேண்டாம்.

குடியரசு தினத்துக்கு ஒண்ணு செய்யுங்க. இப்பவே ஹெட்மாஸ்டரைப் போய் பாருங்க. முன்னாள் படைவீரர்னு யாரைக் கூப்பிட்டாலும் டிஸ்சார்ஜ் புக்கோ பிபிஓவோ ஒரு காப்பி வாங்கி வைங்கன்னு லெட்டர் குடுங்க, அந்த ஆளு பேரு அதுல வேண்டாம், உங்க டிஸ்சார்ஜ் புக் காப்பியை முதல் ஆளா நீங்களே வைங்க. அவரு கேட்டதும் சாக்கு சொல்லி வராம இருந்துருவாரு, என் அனுபவத்துல அப்படித்தான்.

அப்புறம் அந்த மெடல். விளிம்புல பாத்த நம்பரும் பேரும் ஞாபகம் இருக்குற அளவுக்கு இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதி, தேதி போட்டு கையெழுத்து வைங்க. ஆகஸ்ட் 15 ஃபோட்டோவும் ஸ்கூல்ல இருந்து வாங்குங்க. நம்பர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்குரியதுன்னா உங்களுக்கே பாத்தா தெரியும், வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு லெட்டர் போடுவோம். அந்த சிப்பாய் வீட்டுல யாராவது அதைத் தேடிக்கிட்டு இருக்கலாம்.