சரட்டோகாவிலிருந்து திருகோணமலை வரை

கேள்வி: அமெரிக்க விடுதலைப் போரின் திருப்புமுனை 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனமா, 1781ஆம் ஆண்டு யோர்க்டவுன் வெற்றியா? அப்போருக்கும் நமது நாட்டுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா, ஐயா?
– உயர்தர வகுப்பு மாணவி, சுன்னாகம்

பதில்: இரண்டும் பெரிய நிகழ்வுகளே. ஆயினும் இவற்றுக்கு இடையில், 1777 ஒக்டோபர் 17ஆம் நாள் நியூயோர்க் பகுதியின் சரட்டோகாவில் பிரித்தானியப் படையொன்று சரணடைந்ததையே திருப்புமுனை என்பேன். பிரகடனம் வெளியாகிச் சில மாதங்களுக்குள் வோஷிங்டனின் படை நியூயோர்க்கை இழந்து பின்வாங்கிக்கொண்டிருந்தது.

கனடாவிலிருந்து தெற்கே இறங்கி, ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கைப்பற்றி, நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களை ஏனையவற்றிலிருந்து துண்டித்துவிடுவதே பிரித்தானியத் தளபதி பர்கோய்னின் திட்டம். நியூயோர்க்கில் இருந்த தளபதி ஹௌ என்பவரோ அவரோடு சேர வடக்கே செல்லாமல், பிலடெல்பியாவைப் பிடிப்பதற்காகக் கடல்வழியே போய்விட்டார். காட்டுப் பாதையில் உணவும் வண்டிகளும் போதாமல், நாளுக்கு நாள் பெருகிய அமெரிக்கப் படையால் சூழப்பட்ட பர்கோய்ன், ஏறத்தாழ 6,000 பேருடன் ஆயுதங்களை ஒப்படைத்தார்.

அதுவரை வெடிமருந்தையும் துப்பாக்கிகளையும் மறைமுகமாகவே அமெரிக்கருக்கு அனுப்பிவந்த பிரான்சு, இவ்வெற்றியைக் கண்டபின் 1778 பெப்ரவரி 6ஆம் நாள் வெளிப்படையான உடன்படிக்கை செய்துகொண்டது. 1781 செப்டெம்பரில் டி கிராஸின் பிரெஞ்சுக் கப்பற்படை செசபீக் விரிகுடாவின் வாயிலை அடைத்திராவிட்டால், பிரித்தானியத் தளபதி கோர்ன்வாலிஸ் யோர்க்டவுனிலிருந்து கடல்வழியே தப்பியிருப்பார். ஆகவே அந்த வெற்றியும் சரட்டோகாவின் விளைவே.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. இப்போரின் தொடர்ச்சியாக 1780 டிசெம்பரில் பிரித்தானியா ஒல்லாந்தர்மீதும் போர் தொடுத்தது; அப்போது நமது கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. நாகபட்டினத்தை அவர்களிடமிருந்து பறித்த ஆங்கிலேயர், 1782 ஜனவரியில் அட்மிரல் ஹியூஸின் தலைமையில் திருகோணமலையையும் பிடித்தனர். உடனே கண்டி அரசனின் நட்பை நாடி ஹியூ போய்ட் என்னும் தூதரை அனுப்பினர். இருபது ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரின் தூதராகப் பைபஸ் என்பவர் வந்தபோது தான் கேட்ட உதவி கிடைக்காததை மறவாத அரசவை, இம்முறை உடன்படவில்லை. அந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். திரும்பும் வழியில் போய்ட் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார்.

அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சு அட்மிரல் சுவ்ரேன் திருகோணமலையைக் கைப்பற்றினார். செப்டெம்பர் 3ஆம் நாள் அத்துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பற்படைகளும் மோதின. ஐரோப்பாவில் முதற்கட்ட சமாதானம் 1783 ஜனவரியிலேயே கையெழுத்தாகியும், அச்செய்தி எட்டாததால் ஜூன் 20ஆம் நாள் கடலூருக்கு அப்பால் அவை மீண்டும் பொருதின. சமாதானத்தின்பின் திருகோணமலை ஒல்லாந்தருக்கே திரும்பியது. நாகபட்டினம் ஆங்கிலேயரிடம் தங்கிவிட்டது. யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் வசமானது 1795இல், வேறொரு போரின்போதுதான்.