எந்தப் பெயர் சரி என்று கேட்பதற்கு முன்

அன்புள்ள அக்கா,

சிறப்புக் கல்வி பற்றி நீங்கள் எழுதியவற்றை வாசித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. உட்கார மாட்டேன் என்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, பக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிடுகிறான் என்று தினமும் டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். பேச்சு தாமதமாகத்தான் வந்தது, இப்போதும் சில வார்த்தைகள் தெளிவில்லை. ரயில் படம் என்றால் மணிக்கணக்கில் வரைவான். எப்போதும் சளி. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குவான், இரவு முழுக்கப் புரளுவான்.

ஒரு டாக்டர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் என்றார். ஒரு தெரபி சென்டரில் என்னிடம் கேள்விகள் கேட்டு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற ஆட்டிசம் அளவுகோலில் மதிப்பெண் 74, 'மைல்ட் ஆட்டிசம்' என்றார்கள். அன்றைக்கே மூன்று மாதப் பணத்தைக் கட்டச் சொன்னார்கள். செல்போன் கொடுத்துக் கெடுத்தது நான்தான் என்கிறார் மாமியார். 'நானும் சின்ன வயசில் இப்படித்தான்' என்கிறார் கணவர். சர்டிஃபிகேட் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறது பள்ளி. இரண்டு பெயரில் எது சரி அக்கா? இன்னொரு டாக்டரிடம் போவதா, இதோடு நிறுத்துவதா?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. எப்போதும் சளி, திறந்த வாய், குறட்டை. அந்த இரண்டு இடங்களிலும் இதைப் பற்றி யாராவது கேட்டார்களா? காது கேட்கும் திறனைச் சோதித்தார்களா? கடிதத்தில் இல்லாததால் நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். நடக்கவில்லையென்றால், எந்தப் பெயர் சரி என்று கேட்கும் இடத்துக்கு நாம் இன்னும் வரவில்லை.

மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வீங்கியிருந்தால் குழந்தை வாயால் மூச்சு விடும், குறட்டை விடும், தூக்கம் துண்டு துண்டாகும். தூக்கம் கெட்ட பெரியவர்கள் பகலில் சோர்ந்து கிடப்போம். குழந்தைகள் பலர் அப்படிச் சோர்வதில்லை. ஓடுவார்கள், எரிந்து விழுவார்கள், எதிலும் கவனம் நிற்காது. அதே வீக்கம் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்ளவும் காரணமாகலாம். வலி இருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. சளி கூடும்போது காது மந்தமாகும், குறையும்போது தெளியும். 'குக்கர் விசில் கேட்டு ஓடி வருகிறானே, காதில் என்ன குறை?' என்று அம்மாக்கள் என்னிடம் கேட்பதுண்டு. விசில் கேட்கும். நாற்பது பிள்ளைகள் இரைச்சல் போடும் வகுப்பில், பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு டீச்சர் சொல்லும் வாக்கியத்தின் மெல்லிய ஒலிகள் கேட்காது. பேச்சு தெளியாமல் இருப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தக் குழப்பம் எதிர்த் திசையிலும் நடக்கும். 1943இல் லியோ கானர் ஆட்டிசத்தை முதலில் விரிவாக விவரித்த கட்டுரையில் பதினொரு குழந்தைகள் வருகிறார்கள். அவர்களில் சிலரை முதலில் காது கேளாதவர்கள் என்றே நினைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் மகனுக்கு எல்லாமே சளியால் வந்தது என்று நான் சொல்லவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரும் ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளப்பது), டிம்பனோமெட்ரி (நடுச்செவியைப் பார்ப்பது) என்ற இரண்டு வலியில்லாத சோதனைகளும் முதலில் முடியட்டும் என்கிறேன். கண்ணையும் பார்த்துவிடுங்கள். பேசிக்கொண்டே இருக்கும்போது சில நொடிகள் வெறித்து நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறானா என்றும் கவனியுங்கள். அப்படியிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி அந்த இரண்டு பெயர்கள். ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். டீச்சரிடமிருந்து எந்தத் தகவலும் வாங்காமல் பத்து நிமிடத்தில் இதை முடிவு செய்வது எனக்கு ஏற்புடையதல்ல. அதேபோல், மணிக்கணக்கில் ரயில் வரைகிறான் என்பதால் ஏ.டி.எச்.டி. இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். பிடித்த வேலையில் அந்தப் பிள்ளைகளும் மூழ்கிப்போவார்கள்.

74 என்ற எண்ணுக்கு வருகிறேன். ஐ.எஸ்.ஏ.ஏ. நம் நாட்டில் உருவான அளவுகோல், நாற்பது கேள்விகள். 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது என்று கணக்கு. உங்கள் மகன் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கிறான். இரண்டு மூன்று கேள்விக்கு நீங்கள் வேறு மாதிரி பதில் சொல்லியிருந்தால் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருப்பான். அவனோடு விளையாடிப் பார்க்காமல், காதைச் சோதிக்காமல் போட்ட அந்த எண்ணை நம்பி மூன்று மாதப் பணத்தைக் கட்ட வேண்டாம். மதிப்பீடு செய்த கையோடு பேக்கேஜை விற்கும் இடத்தில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு.

முழுமையாகப் பார்த்த பிறகு இரண்டும் சேர்ந்தே இருக்கிறது என்றும் வரலாம். முன்பு ஆட்டிசம் என்றால் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்ல, மனநல மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்க வழிகாட்டு நூலான டி.எஸ்.எம். அனுமதிக்கவில்லை. 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, டி.எஸ்.எம்.-5, அந்தத் தடையை எடுத்துவிட்டது. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நீங்கள் தவிக்க வேண்டியதில்லை.

ஆகவே இன்னொரு இடத்துக்குப் போங்கள், ஆனால் இந்த முறை கையில் எழுத்தோடு போங்கள். பிரசவம் முதல் நடந்தது, எந்த வயதில் நடந்தான், முதல் சொல் எப்போது, தூங்கும் நேரம், எதற்குக் கத்துகிறான், அதற்கு முன் என்ன நடந்தது, எப்படி அடங்கினான். இரண்டு வாரம் எழுதினால் போதும். பள்ளி டைரியை நகல் எடுங்கள். தூங்கும்போதும் விளையாடும்போதும் சின்ன வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் குழந்தைகள் வேறு ஆளாகிவிடுவார்கள். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள், டி.ஈ.ஐ.சி. என்பார்கள், பதினெட்டு வயது வரை இலவசமாகப் பார்க்கின்றன. குழந்தை மருத்துவர், செவிப்புலன் நிபுணர், உளவியலாளர் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்டவை. அங்கிருந்து தொடங்குங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் தமிழிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். முடிவைச் சொன்னதும் கேளுங்கள்: எதை வைத்து இப்படிச் சொல்கிறீர்கள்? வேறு எதையெல்லாம் இல்லையென்று பார்த்தீர்கள்? பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் நில்லுங்கள்.

உங்கள் கணவரும் உடன் வரட்டும். அவரும் சின்ன வயதில் இப்படித்தான் என்பது மருத்துவருக்கு வேண்டிய தகவல். ஏ.டி.எச்.டி., ஆட்டிசம் இரண்டிலும் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. மாமியாரிடம் சொல்லுங்கள், செல்போனைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் பிள்ளைக்கு ஆட்டிசத்தை அம்மா செல்போனில் கொடுத்துவிட முடியாது. 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று யூடியூபில் சொல்கிறார்களே, அப்படியொரு நோயறிதல் டி.எஸ்.எம்.-5இலும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11இலும் இல்லை. உங்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை.

பள்ளி சொன்னதைப் படித்தபோது கோபம் வந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. நீங்களாக டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அவர்கள் சொல்வதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். டீச்சரிடம் இப்போதைக்கு ஒன்று மட்டும் கேளுங்கள்: காதுச் சோதனை முடியும்வரை அவனை முதல் வரிசையில் உட்காரவைத்து, முகம் பார்த்துப் பேசட்டும். அதற்கு எந்தச் சர்டிஃபிகேட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா