சாவி திரும்பாவிட்டால் உடனே டிரில் எடுக்காதீர்கள்

பினாங்கு, தண்ணீர்மலைப் பக்கம் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்:

"அப்பா விட்டுப்போன 1983ஆம் வருட மெர்சிடிஸ் 200, டபிள்யூ 123 காடி. இரண்டு வாரமாகவே சாவி இறுகிக்கொண்டு இருந்தது. ஆட்டி அசைத்துத் திருப்பினால் வேலை செய்யும், அதனால் கண்டுகொள்ளவில்லை. முந்தாநாள் இரவு வீட்டுக்கு வெளியே சரிவில் நிறுத்தினேன். காலையில் சாவி உள்ளே போகிறது, திரும்பவே இல்லை. ஸ்டீரிங்கும் பூட்டிக்கொண்டது. போமன் (மெக்கானிக்) டிரில் போட்டு எடுத்துவிடலாம் என்கிறார். அம்மா தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார். என்ன செய்யலாம், அண்ணே?"

தம்பி, போமனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அம்மா கையிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தையும் வாங்கி வையுங்கள். உங்கள் கேள்வியில் என் கண் 'சரிவு' என்ற சொல்லில்தான் போய் நின்றது. சரிவில் நிறுத்தும்போது முன்சக்கரத்தை ஓரக்கல் பக்கம் திருப்பி, அதில் முட்டும்படி விட்டிருப்பீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பழைய பூட்டுக்கு அது தொந்தரவு.

ஸ்டீரிங் தண்டில் வெட்டியெடுத்தது போலப் பள்ளங்கள் இருக்கும். சாவியை உருவியதும் பூட்டுக்குள்ளிருந்து ஓர் இரும்புத் தாழ் ஸ்பிரிங் தள்ளலில் வந்து அந்தப் பள்ளத்தில் உட்காரும். அதோடு ஸ்டீரிங் திரும்பாது. சக்கரம் ஓரக்கல்லில் முட்டி முறுக்கேறி நின்றால், அந்த முறுக்கு முழுவதும் தண்டு வழியாக வந்து தாழின் பக்கவாட்டில் அழுத்தும். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டே தாழ்ப்பாளை இழுத்துப் பாருங்கள், வராது அல்லவா, அதே கதைதான். சாவி பாவம், நெரிபட்ட தாழை இழுக்க முடியாமல் நிற்கிறது.

இதைச் சோதிக்க ஒரு காசு செலவில்லை. சாவியைத் தொடாமல் ஸ்டீரிங்கை மட்டும் பிடித்து மெதுவாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு விரல் அளவு தளர்வாக ஆடினால் தாழ் சும்மாதான் இருக்கிறது, கோளாறு சாவி நுழையும் பேரலில். ஒரு பக்கம் கல் மாதிரி நின்றால் தாழ் நெரிபட்டிருக்கிறது. அப்போது ஒரு கையால் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் மாறி மாறி அழுத்துங்கள். மறுகையில் சாவியை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தரும் பலத்தோடு மட்டும், திருப்பும் திசையில் பிடித்திருங்கள். ஏதோ ஒரு நொடியில் முறுக்கு விடும், சாவி 'டக்' என்று, பூட்டிய 0 நிலையை விட்டு, அடுத்த 1ஆம் நிலைக்கு வரும். பிளையரால் சாவியைப் பிடித்துத் திருப்பினால் சாவி பாதியாக முறிந்து உள்ளே நிற்கும். அப்புறம் அது வேறு ஒரு கேள்வி.

அப்படியும் வரவில்லை என்றால் ஓரக்கல்லிலிருந்து காடியைக் கொஞ்சம் விலக்கலாம். இரண்டு பேர் வேண்டும். இறக்கத்துப் பக்கம் பின்சக்கரத்துக்கு நல்ல கல் கொடுத்த பிறகுதான் கியரை நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். இந்தக் காடியில் சாவி பூட்டியிருந்தாலும் கியர் நகரும், அதுதான் ஆபத்தும். என்ஜின் ஓடாமல் பிரேக் மிதி கட்டை போல இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். சரிவில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நான் பட்ட பாடு. செந்தூலில் தொழில் தொடங்கிய புதிதில், பத்துமலை அடிவாரத்தில் தைப்பூசக் கூட்டத்துக்கு நடுவே ஒருவருடைய காடி பூட்டிக்கொண்டது. போய்ப் பார்த்தேன், சாவி திரும்பவில்லை, டிரிலை எடுத்தேன். பேரல் போனது, அதைச் சுற்றியிருந்த உறையும் போனது, ஸ்டீரிங் மட்டும் விடவில்லை. வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்து குனிந்தபோதுதான் பார்த்தேன், முன்சக்கரம் ஒரு பெரிய கல்லில் முட்டிக்கொண்டு நின்றது. அவரிடம் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சரி, ஸ்டீரிங் தளர்வாக ஆடுகிறது, ஆனாலும் சாவி திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரமாக இறுகிக்கொண்டிருந்தது என்று நீங்களே சொல்வதால் இதற்கும் வாய்ப்பு அதிகம்தான். பேரலுக்குள் வரிசையாக மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் எல்லாம் ஒரே மட்டத்தில் நின்று பேரல் சுழலும். நாற்பது வருடமாக ஒரே சாவி, அதில் வீட்டுச் சாவி, கடைச் சாவி, முருகன் டாலர் எல்லாம் தொங்கிய கொத்து. சாவியும் தேயும், தகடும் தேயும், ஒரே ஒரு தகடு மட்டம் தப்பினால் போதும்.

அதனால் முதலில் அப்பாவின் அலமாரியைத் தேடுங்கள். அதிகம் புழங்காத மாற்றுச் சாவி ஒன்று அங்கே கிடக்கலாம். பல் தேயாத சாவி, தேய்ந்த சாவி கைவிட்ட இடத்தில் திருப்பிக் கொடுப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நீங்கள் வைத்திருப்பது நகலின் நகல் என்றால் அதை வைத்து இன்னொரு நகல் வெட்டாதீர்கள். தேய்மானத்தையும் சேர்த்துத்தான் இயந்திரம் நகலெடுக்கும். சேஸிஸ் எண்ணை வைத்துத் தொழிற்சாலை அளவுப்படி புதுச் சாவி தருவிக்க முகவரிடம் கேட்கலாம். காடி கிராண்டையும் (பதிவுப் பத்திரம்) அடையாள அட்டையையும் கொண்டு போங்கள். கிராண்ட் இன்னும் அப்பா பெயரில் இருந்தால் அதற்கான கடிதங்களும் கையில் இருக்கட்டும். எண் எங்கே என்று தேட வேண்டாம், பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்கு மேலே குறுக்குச் சட்டத்தில் தகடாக இருக்கும்.

மாற்றுச் சாவி கிடைக்காதவரை கையில் இருப்பதை வைத்து ஒரு வேலை செய்யலாம். முழுவதும் உள்ளே தள்ளிய சாவியை மயிரிழை அளவு வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் மேலே தூக்கி, கொஞ்சம் கீழே அழுத்தி, இப்படி. தேய்ந்த பல் வேறொரு புள்ளியில் தகட்டைச் சரியாகத் தாங்கலாம். இன்னொரு முறை, சாவியை லேசாகத் திருப்பிப் பிடித்தபடி திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் சாவித் தலையைத் தட்டுவது. தட்டுவது என்றால் தேங்காய் உடைப்பது இல்லை, முட்டை தட்டுவது போல. அதிர்வில் ஒட்டிக்கொண்ட தகடு விழும். பொறுமையாக அரைமணி நேரம் தட்டலாம், பசியாறிவிட்டு வந்து இன்னொரு அரைமணி நேரம் தட்டலாம். டிரில் எங்கும் ஓடிவிடாது.

எண்ணெய் விஷயம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் பூட்டுக்குள் போகக் கூடாது. நாளடைவில் பிசின் மாதிரி இறுகி, தூசியையும் சேர்த்துக்கொண்டு தகடுகளை ஒட்டிவிடும். தையல் மிஷின் எண்ணெய் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் தூசி பிடிக்கும். டபிள்யூடி-40 பழைய பிசுக்கைக் கரைக்கும், அதனால் இப்போதைய அவசரத்துக்குச் சரி. ஒரு சின்னப் பீய்ச்சல் விட்டு, சாவியை இருபது முறை உள்ளே வெளியே இழுத்து, ஒவ்வொரு முறையும் துணியில் துடையுங்கள். வரும் கறுப்பைப் பார்த்தால் நீங்களே பயந்துவிடுவீர்கள். குளிப்பாட்டிவிடாதீர்கள், பூட்டின் பின்பக்கம் மின்சார சுவிட்ச் இருக்கிறது. பிறகு நீண்டகாலப் பராமரிப்புக்குக் கிராஃபைட் தூள்தான் நல்லது. அது இல்லையென்றால் பிள்ளைகளின் 2பி பென்சிலைச் சாவிப் பற்களில் தேய்த்து நுழைத்தால் போதும். ஆனால் எண்ணெய் ஈரம் காயாமல் கிராஃபைட் போட்டால் இரண்டும் சேர்ந்து மாவாகிவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஏதோ ஒரு வழியில் சாவி 1ஆம் நிலைக்குத் திரும்பிவிட்டது என்றால், சந்தோஷத்தில் மறுபடி 0க்குக் கொண்டுபோய்ச் சாவியை உருவிவிடாதீர்கள். அடுத்த முறை திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. இந்த டபிள்யூ 123 மாடலில் பேரலைக் கழற்றும் வழியே சாவி 1இல் இருக்கும்போதுதான் திறக்கும். பூட்டின் முகத்தில், சாவித் துளைக்குப் பக்கத்தில், சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். சாவி 1இல் இருக்கும்போது, முனை சாய்வாக வெட்டிய விறைப்பான கம்பியை அதில் விட்டால் உள்ளே ஒரு பிடிப்பு அமுங்கும். அதன் பிறகு கறுப்பு வளையமும் சாவியோடு சேர்ந்து பேரலும் வெளியே வந்துவிடும். கை பழகியவருக்குக் கால்மணி நேர வேலை. முழுப் பூட்டையும் ஸ்டீரிங் தண்டிலிருந்து எடுப்பதற்கும் அதே 1ஆம் நிலை வேண்டும், இல்லாவிட்டால் அதைப் பிடித்திருக்கும் முளை அமுங்காது. 0இல் நின்றுபோனால் இரண்டு வழியும் அடைபட்டுவிடும், மிச்சம் வெட்டுவதும் துளைப்பதும்தான். இரண்டு வாரமாகச் சாவி இறுகியதே, அதுதான் பேரலை மாற்றச் சொன்ன நேரம். போனது போகட்டும்.

வெளியே வந்த பேரலைப் பூட்டுக்காரரிடம் கொடுத்தால் தேய்ந்த தகடுகளை மாற்றிச் சாவிக்குப் பொருத்தித் தருவார். அல்லது சேஸிஸ் எண்ணுக்குப் பொருந்தும் புதுப் பேரல் தருவிக்கலாம், கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவி என்பது அப்படியே இருக்கும். 1976 முதல் 1986 தொடக்கம் வரை ஏறத்தாழ 27 லட்சம் காடி வெளிவந்த மாடல், உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை. பழைய காடிகளின் பாகங்களை விற்கும் ஹாப்கட் கடையில் முழுப் பூட்டையும் சாவியோடு வாங்குவது மலிவு வழி. ஆனால் எடுப்பதற்கு முன் கடையிலேயே இருபது முறை திருப்பிப் பாருங்கள். அதுவும் உங்களுடையதைப் போலவே வயசான பூட்டுதான்.

எதுவுமே பலிக்காமல் பட்டறைக்கு ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பின்சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வண்டி வேண்டாம். பூட்டிய முன்சக்கரம் தரையில் இருந்தால் காடி வளைவில் திரும்பாது. முழுவதும் ஏற்றிச் செல்லும் தட்டையான லாரியைக் கூப்பிடுங்கள். அதன் பிறகு டிரில் தேவைப்பட்டால் பட்டறையில், வெளிச்சத்தில், சக்கரம் எதிலும் முட்டாத நிலையில் நடக்கட்டும்.

மற்ற காடிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 1950களின் மோரிஸ் மைனரில் சாவி டேஷ்போர்டில் இருக்கும், ஸ்டீரிங் பூட்டே கிடையாது, இந்தத் தலைவலியும் இல்லை. மேற்கு ஜெர்மனி 1961இல் புதுக் காடிகளுக்கு ஸ்டீரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது, அதற்குப் பிந்தியவற்றில்தான் இந்தக் கதை. பழைய ஜப்பான் காடிகள் பலவற்றில் பூட்டைப் பிடிக்கும் போல்ட்டின் தலை, பொருத்தும்போதே முறிந்துவிடும்படி செய்யப்பட்டிருக்கும், ஸ்பேனருக்குப் பிடி கிடைக்காது. ஆனால் அவற்றிலும் பேரலை மட்டும் எடுக்கச் சாவியை 'ஏசிசி'யில் (நம் 1ஆம் நிலை போன்றது) வைத்து ஒரு முளையை அழுத்தும் முறைதான் வழக்கம். 'தாழையே அறுத்துவிடலாம், பூட்டு எதற்கு' என்று சிலர் சொல்வார்கள். அரைகுறையாக அறுத்த தாழ் ஓடும்போது பள்ளத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

டீசல் வைத்திருப்பவர்கள், சாவியை அணைத்தும் என்ஜின் நிற்கவில்லை என்றால் பேரலைக் குறை சொல்லாதீர்கள். இந்த மாடல் டீசலை நிறுத்துவது சாவிக்குப் பின்னால் இருக்கும் வேக்குவம் வால்வு. குழாய் எங்கோ கசிகிறது. பானெட்டுக்குள் 'ஸ்டாப்' என்று எழுதிய நெம்புகோலை அழுத்தினால் நின்றுவிடும்.

தம்பி, புதுப் பேரல் வரும்வரை சாவியை 1இலேயே விட்டுவைக்கலாம். ஆனால் அந்த நிலையில் ரேடியோ போன்றவை பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும், இரவில் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். ஸ்டீரிங் பூட்டாது என்பதால் கடையில் விற்கும் பெடல் லாக் ஒன்று போடுங்கள். 1ஆம் நிலையில் சாவி வெளியே வராது, அது உள்ளேயேதான் கிடக்கும். அதனால் கதவைச் சாத்துவதற்கு முன், வெளியிலிருந்து பூட்ட அந்த மாற்றுச் சாவி உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.