பழைய ஜீப்புக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்று வருகிறேன். என்னிடம் 1993-ஆம் ஆண்டு வாங்கிய, பெஜோ டீசல் என்ஜின் பொருத்திய ஜீப் ஒன்று நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. விற்காமல் தங்கிக் காறிப்போகும் தேங்காய் எண்ணெயை டீசலுக்குப் பதிலாக ஊற்றலாம் என்கிறார்கள் நண்பர்கள். டீசல் என்ஜினே கடலை எண்ணெய்க்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: வண்டி ஓடும். முதல் சில மாதங்கள் குறையில்லாமலே ஓடும் என்பதால்தான் இந்த யோசனை இவ்வளவு நம்பிக்கையோடு வாய்வழியாகப் பரவுகிறது. கெடுதல் மெதுவாகவும் கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் சேர்கிறது.

நண்பர்கள் சொல்லும் வரலாறு பாதிதான் சரி. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது என்பதை அந்த என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே 1912-இல் எழுதியிருக்கிறார். ஆனால், அந்த என்ஜின் தாது எண்ணெய்க்காக, அதாவது பெட்ரோலிய எண்ணெய்க்காக, வடிவமைக்கப்பட்டது. கடலை எண்ணெயை ஊற்றிப் பார்த்தது பிரெஞ்சு அரசின் விருப்பத்தின் பேரில். அதைவிட முக்கியமாக, அக்கால என்ஜின்களில் அழுத்தக் காற்றே எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ளியதால், எண்ணெய் கெட்டியாக இருப்பது பெரிய தடையாகவில்லை. உங்கள் ஜீப்பிலோ அந்த வேலையை ஒரு சிறிய பம்ப்பும் மயிரிழை போன்ற துளையுள்ள நாசிலும் செய்கின்றன.

டீசலின் பாகுத்தன்மை 40 டிகிரி செல்சியஸில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தர அளவு. அதே வெப்பநிலையில் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 27, கடலை எண்ணெய்க்கு 40-ஐ ஒட்டி. இவ்வளவு கெட்டியான எண்ணெய் நாசிலிலிருந்து நுண்துளிகளாகச் சிதறாமல் தாரையாக விழுகிறது. முழுதாக எரியாமல் நாசில் முனையிலும் பிஸ்டன் ரிங்குகளிலும் கரியாகப் படிகிறது. எஞ்சியது ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி என்ஜின் ஆயிலோடு கலக்கிறது. இந்தக் கலவை சூட்டில் பிணைந்து அல்வாப் பதத்துக்கு இறுகி ஆயில் செல்லும் வழிகளை அடைத்துவிட்டால், என்ஜினை முழுதாகப் பிரித்தாக வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கும்போது ஆயில் அளவு குறையாமல் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். எரியாத எண்ணெய் இறங்குகிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

உங்களுக்குச் சாதகமானவை இரண்டு. முதலாவது, உங்கள் பெஜோ என்ஜினில் எரிபொருள் நேராகப் பிஸ்டன் தலையில் தெளிக்கப்படுவதில்லை. சிலிண்டர் ஹெட்டிலுள்ள சிற்றறையில் தெளிக்கப்பட்டு அங்கே எரியத் தொடங்குகிறது. ஹீட்டர் பிளக் உள்ள இத்தகைய பழைய என்ஜின்கள், நேரடித் தெளிப்பு என்ஜின்களைவிடக் கெட்டி எண்ணெயைப் பொறுத்துக்கொள்கின்றன. இரண்டாவது, தேங்காய் எண்ணெய் எளிதில் பிணைந்து இறுகுவதில்லை. அந்தத் தன்மையைக் காட்டும் அயோடின் எண் அதற்கு 10-ஐ ஒட்டியே இருக்க, சூரியகாந்தி எண்ணெய்க்கு 110-க்கு மேல் போகிறது. பசிபிக் பெருங்கடலிலுள்ள வனுவாட்டு தீவுகளில் தேங்காய் எண்ணெயில் வண்டிகள் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதைச் செக்குக்காரரான உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்கழிக் காலையில் ஃபில்டருக்குள்ளும் அதுவேதான் நடக்கும்.

பானெட்டைத் திறந்து பம்ப்பைப் பாருங்கள். நாசில்களுக்குப் போகும் குழாய்கள் வரிசையாக நின்றால் அது இன்லைன் பம்ப். வட்டமான தலையைச் சுற்றிப் புறப்பட்டால் ரோட்டரி பம்ப். ரோட்டரி பம்ப்புக்கு உயவுப் பொருளே அதில் ஓடும் எரிபொருள்தான் என்பதால், குளிர்ந்த கெட்டி எண்ணெயில் அதன் உள்பாகங்கள் இறுகி முறியக்கூடும். உங்களுடையது ரோட்டரி என்றால் இந்த எண்ணத்தை இத்தோடு விட்டுவிடுங்கள்.

இன்லைன் என்றால், முறையான வழி இரட்டை டேங்க். டீசலில் கிளப்பி, ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் கொண்டு எண்ணெயை 70, 80 டிகிரிக்குக் காய்ச்சிய பின் அதற்கு மாறி, நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு மீண்டும் டீசலுக்குத் திரும்பி, பம்ப்பைக் கழுவிவிட வேண்டும். எண்ணெய் போகும் வழியில் செம்புக் குழாயோ பித்தளை இணைப்போ கூடாது. செம்பு பட்டால் எண்ணெய் விரைவில் கெடும். என்ஜின் ஆயிலையும் வழக்கமான தூரத்தில் பாதியிலேயே மாற்ற வேண்டும். டீசலோடு கலந்து ஊற்றுவது சுலபம்தான்; பாகுத்தன்மை குறையும், கரி படிவது நிற்காது.

இவ்வளவும் செய்யத் தயார் என்றாலும், காறிய எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும். அது பம்ப்பின் உலோகத்தை அரிக்கும். நல்ல எண்ணெயையோ, விற்ற காசில் லிட்டருக்கு இரண்டு லிட்டருக்கும் மேல் டீசல் வாங்கலாம் என்ற இன்றைய விலையில் ஊற்றுவதற்கு மனம் வராது. போதாக்குறைக்கு, எரிபொருள் வகையை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். காறிய எண்ணெயைச் சோப்புத் தயாரிப்பவருக்கு விற்றுவிட்டு ஜீப்புக்கு டீசலே ஊற்றுங்கள் என்பதே என் யோசனை.

கேள்வி: பலகாரக் கடையில் மிஞ்சும் எண்ணெயை வடிகட்டி, 2019-ஆம் ஆண்டு வாங்கிய லோடு வண்டிக்கு ஊற்றலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடவே கூடாது. உங்கள் வண்டியில் இருப்பது அநேகமாகக் காமன் ரெயில் (எல்லா நாசில்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) என்ஜின். ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்யும் அதன் இன்ஜெக்டர்கள், பொரித்த எண்ணெயிலுள்ள உப்பையும் ஈரத்தையும் தாங்கா. வடிகட்டினால் ஈரம் போகாது. சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. மேலும், நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் பயன்படுத்தும் கடைகள், மிஞ்சும் எண்ணெய்க்குக் கணக்கு வைத்து, அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளர்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த எண்ணெய், அதை டீசலுக்கு மாற்றான எரிபொருளாக்கும் பயோடீசல் ஆலைக்குப் போகிறது; கடைக்கும் பணம் கிடைக்கிறது.

கேள்வி: அந்தப் பயோடீசலை வீட்டிலேயே தயாரிக்க முடியாதா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: வேதியியல் எளிது. 100 லிட்டர் எண்ணெயோடு ஏறத்தாழ 20 லிட்டர் மெத்தனாலும் சிறிது காஸ்டிக் சோடாவும் சேர்த்து, 60 டிகிரிக்குச் சற்றுக் கீழே கலக்கினால், கிட்டத்தட்ட 100 லிட்டர் பயோடீசல் மேலேயும் கிளிசரின் அடியிலும் தங்கும். சிக்கல் மெத்தனாலில் இருக்கிறது. அது 65 டிகிரியில் கொதிக்கும். தோல் வழியாகவும் உடலில் ஏறும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் அதை வாங்கி வைப்பது குற்றம். ஆர்வம் இருந்தால் கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், அரை லிட்டர் அளவில் செய்து பாருங்கள். அதையும் நன்கு கழுவி ஈரம் போக்காமல் எந்த என்ஜினிலும் ஊற்றாதீர்கள்.